வௌவால் வைரசுக்கு நாய்க்கடி ஊசி பலிக்குமா? கன்னொறுவ வைரசின் சாதியும் இனமும்

மலையகத்துப் பள்ளிக்கூடங்களில் இருந்து கண்டிச் சுற்றுலா போனவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. பேராதனைப் பூங்காவில் அண்ணாந்து பார்த்தால், கிளை முழுக்கக் கறுப்புத் துணி காயப்போட்டது போலப் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். இடைக்கிடை ஒன்று சிறகை விரித்துத் தன்னைத் தானே விசிறிக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் கூட்டமாகக் கிளம்பி மகாவலிக்கு மேலாகப் பறந்து, கொய்யாவும் மாம்பழமும் தேடிப் போகும்.

பூங்காவை வளைத்துக்கொண்டு ஓடுகிற அந்த ஆற்றைத் தாண்டினால் கன்னொறுவ. அந்தப் பகுதியில் சேகரித்த வௌவால்களின் மூளையில் இருந்துதான், அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரித்தானிய ஆய்வுகூடம் ஒன்றைச் சேர்ந்தவர்களும் செய்த வேலை அது. 2016 இல் ஆய்விதழில் வெளிவந்தது. வைரசுக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள்: கன்னொறுவ வௌவால் லிஸ்ஸாவைரஸ். விசர்நாய்க்கடி வைரசுக்கு இது நெருங்கிய சொந்தம்.

செய்தி பழசு. ஆனாலும் யாராவது ஒருவர் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். அங்கிருந்து அது மூன்று விதமாகத் திரிகிறது. கண்டி வௌவால்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்பது ஒன்று. புது வைரஸ் என்பதால் ஆஸ்பத்திரி ஊசி வேலை செய்யாது என்பது இரண்டாவது. அடுத்த கொரோனா இதுதான் என்பது மூன்றாவது. இதில் இரண்டாவதுதான் ஆபத்தானது. நாய் கடித்தவரையும் "ஊசி போட்டு என்ன பயன்" என்று வீட்டிலேயே இருக்க வைத்துவிடக்கூடிய பேச்சு அது.

இதற்குப் பதில் வைரசின் கட்டமைப்பிலும், அதை வகைப்பாட்டில் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. வகைப்பாடு என்றாலே பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம் என்று தோன்றும். இந்த வைரஸ் கூட்டத்தில் மட்டும், எந்தப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஊசி பலிக்குமா என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் பெயர்கள்

தோட்டத்தில் வெறிநாய்க்கடி என்பார்கள், வடக்கில் விசர்நாய்க்கடி, சுகாதார அலுவலக அறிவித்தலில் நீர்வெறுப்பு நோய். எல்லாம் ஒரே நோய்தான்: நரம்பு வழியாக மூளைக்குப் போய் அங்கே அழற்சியை உண்டாக்கும் நோய். அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பவர் அனேகமாக இல்லை.

நோய் ஒன்றாக இருந்தாலும் அதை உண்டாக்கும் வைரஸ் ஒன்றல்ல. ஒரு முழுச் சாதியே இருக்கிறது. (நம் உயர்தர உயிரியல் புத்தகத்தில் சாதி என்பதைத்தான் இந்தியப் புத்தகங்கள் பேரினம் என்கின்றன. சாதி, இனம் என்ற இரண்டு சொல்லையும் யார் மனமும் நோகாமல் பயன்படுத்துகிற ஒரே இடம் உயிரியல் புத்தகம்தான்.) மேலிருந்து கீழாக ஏணி இப்படிப் போகிறது:

1. வருணம்: மொனோநெகவைரலேஸ். மரபுச் செய்தி எழுதியிருக்கும் ஒற்றை இழை ஆர்.என்.ஏ., துண்டு துண்டாக இல்லாமல் ஒரே நீளமாக இருப்பவை. சின்னமுத்து, கூகைக்கட்டு, எபோலா, நிபா வைரஸ்களும் இந்த வருணம்தான்.

2. குடும்பம்: ரப்டோவிரிடே. கோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர். மீனைத் தாக்குபவை, பயிரைத் தாக்குபவை, மாட்டைத் தாக்குபவை எல்லாம் இந்தக் குடும்பத்துக்குள் உண்டு.

3. சாதி: லிஸ்ஸாவைரஸ். கிரேக்கப் புராணத்தில் வெறிக்கு அதிபதியான பெண் தெய்வம் லிஸ்ஸா.

4. இனம்: இதுவரை 17க்கு மேற்பட்டவை ஏற்கப்பட்டுள்ளன. நாய் கடித்தால் வருகிற பழைய வைரஸ் அவற்றுள் ஒன்று. கன்னொறுவ இன்னொன்று.

வைரஸ்களுக்கும் செடி கொடிகளைப் போல இரட்டைப் பெயர் இருக்க வேண்டும் என்று சர்வதேச வகைப்பாட்டுக் குழு அண்மையில் முடிவு செய்ததால், அதிகாரபூர்வப் பட்டியலில் நாய்க்கடி வைரஸ் லிஸ்ஸாவைரஸ் ரேபீஸ் என்றும், நம் ஊர் வைரஸ் லிஸ்ஸாவைரஸ் கன்னொறுவ என்றும் இருக்கின்றன. 1638 இல் போர்த்துக்கீசப் படை தோற்ற இடம் என்றுதான் இதுவரை அந்த ஊர் புத்தகங்களில் வந்துகொண்டிருந்தது.

துப்பாக்கி ரவை போன்ற உடல்

இலத்திரன் நுணுக்குக்காட்டியில் லிஸ்ஸாவைரஸைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லும் உவமை துப்பாக்கி ரவை. ஒரு முனை உருண்டை, மறுமுனை தட்டை. நீளம் ஏறத்தாழ 180 நனோமீற்றர், அகலம் 75. ஒரு தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்துக்குக் கிட்ட வைரஸ்களை அருகருகே அடுக்கலாம்.

உள்ளே இருப்பது ஏறத்தாழ 12,000 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை. கொரோனா வைரசின் இழையில் 30,000 எழுத்து. அதோடு பார்த்தால் இது சின்னப் புத்தகம். அதில் ஐந்தே ஐந்து மரபணுக்கள், ஐந்தே ஐந்து புரதங்கள். சாதியின் எல்லா இனங்களிலும் இந்த ஐந்தும் இதே வரிசையில்தான் இருக்கும்:

1. என் புரதம். ஆர்.என்.ஏ. இழையைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் உறை. ஒவ்வொரு என் புரதமும் ஒன்பது எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் ஒரு வைரசுக்கு 1,300 அளவில் தேவை. ஆய்வுகூடத்தில் நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இந்தப் புரதத்தைத்தான் தேடுகிறது. கடைசியில் அதற்குத் திரும்பி வருகிறேன்.

2. பி புரதம். நகலெடுக்கும் வேலைக்கு உதவியாள். அதோடு, வைரஸ் புகுந்துவிட்டது என்று கலம் (செல்) எழுப்பும் எச்சரிக்கையை அமுக்கிவிடும் வேலையும் இதற்குத்தான்.

3. எம் புரதம். உள்ளே சுருட்டிய இழையையும் வெளிமென்சவ்வையும் இணைத்து ரவை வடிவத்தைக் கொடுப்பது.

4. ஜி புரதம். மென்சவ்வுக்கு வெளியே மும்மூன்றாகச் சேர்ந்து முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது. நரம்புக் கலத்தின் கதவைத் திறக்கும் சாவி. நம் உடல் வைரஸை முடக்க உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். ஊசி பலிக்குமா பலிக்காதா என்ற கேள்வி முழுக்க இந்த முள்ளின் முனையில் நிற்கிறது.

5. எல் புரதம். நகலெடுக்கும் நொதியம். ஐந்திலும் பெரியது. 2,100 அமினோ அமிலங்களுக்கு மேல். எழுத்துப்பிழையைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் பழக்கம் இதற்குக் கிடையாது. காலம் போகப் போக இனங்கள் பிரிந்து பிரிந்து போவதற்கு இந்தக் கவலையீனம் ஒரு பெரிய காரணம்.

வரிசை ஏன் முக்கியம்? எல் நொதியம் இழையை எங்கே வேண்டுமானாலும் வாசிக்கத் தொடங்காது. ஒரு முனையில் ஏறி, ஒவ்வொரு மரபணுவாக வாசித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு மரபணு முடிவிலும் சில நொதியங்கள் கழன்று விழுந்துவிடும். ஹட்டனில் நிறைந்து கிளம்புகிற பஸ் டிக்கோயாவில் கொஞ்சப் பேரை, நோர்வூட்டில் கொஞ்சப் பேரை இறக்கிவிட்டு, பொகவந்தலாவைக்குப் போய்ச் சேரும்போது பாதி இருக்கை காலியாக இருப்பது போலத்தான். அதனால் முதல் மரபணுவான என் மிக அதிகமாகவும், கடைசி மரபணுவான எல் மிகக் குறைவாகவும் உற்பத்தியாகின்றன. ஆயிரக்கணக்கில் தேவைப்படும் உறைப் புரதம் வரிசையில் முன்னால், கொஞ்சம் இருந்தாலே போதுமான நொதியம் பின்னால். அளவு பார்க்கத் தனியாக ஒரு கங்காணி வேண்டியதில்லை, வரிசையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

சவர்க்காரத்துக்கு ஏன் அவ்வளவு மரியாதை

கட்டமைப்பில் இன்னொரு பகுதி இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரவையின் வெளிமென்சவ்வு வைரசின் சொந்தச் சரக்கல்ல. கலத்தை விட்டு வெளியே வரும்போது அந்தக் கலத்தின் மென்சவ்வையே கிழித்துப் போர்த்திக்கொண்டு வருகிறது. கொழுப்பால் ஆன போர்வை அது. ஜி முட்கள் குத்தி நிற்பதும் அதன் மேல்தான்.

கொழுப்பைக் கரைப்பது எது? சவர்க்காரம். போர்வை கரைந்தால் முட்கள் உதிரும். முள் இல்லாத வைரஸ் எந்தக் கலத்துக்குள்ளும் போகாது. கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கட்டமைப்புத்தான். 15 நிமிடம் என்பது சொல்லும்போது சின்னதாகத் தெரியும். லயத்துப் பீலிக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு, சன்லைட் கட்டியைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நேரம் என்று தெரியும். பெரும்பாலானோர் இரண்டு நிமிடத்தில் காலை உதறிக்கொண்டு வந்துவிடுவார்கள். பிறகு மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு என்று கையில் கிடைத்ததை அப்புவார்கள். அப்புவதால் போர்வை கரையாது. காயம் எரிவது மட்டும்தான் மிச்சம்.

கழுவி வெளியேற்றாத வைரஸ் தசையில் கொஞ்சக் காலம் பெருகும், அல்லது நேராக நரம்பு முனைக்குள் நுழையும். நரம்புக் கலத்துக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சரக்குப் போக்குவரத்தில் ஏறி, நாளுக்குச் சில சென்ரிமீற்றர் என்ற கணக்கில் முள்ளந்தண்டை நோக்கிப் போகும். காலில் கடித்தால் பாதை நீளம், முகத்தில் கடித்தால் குறைவு. பொதுவாக இரண்டு மூன்று மாதம் எடுக்கிறது. ஊசிக்கு அவகாசம் கிடைப்பதே இந்தப் பயணம் மெதுவாக நடப்பதால்தான். கடித்த பிறகு போடும் தடுப்பூசி என்று ஒன்று மற்ற நோய்களுக்கு அவ்வளவாக இல்லையே, இதற்கு மட்டும் எப்படி என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

ஒரு சாதி, பல இனம் ஆன கதை

1950களின் நடுப்பகுதி வரை நாய்க்கடி வைரஸ் உலகெங்கும் ஒன்றே ஒன்றுதான் என்று நம்பினார்கள். 1956 இல் நைஜீரியாவில் லாகோஸ் பக்கம் ஒரு பழந்தின்னி வௌவாலில் இருந்து ஒரு வைரஸ் கிடைத்தது. 1968 இல் அதே நாட்டில் மொகோலா என்ற இடத்தில் மூஞ்சூறுகளில் இருந்து இன்னொன்று. 1970 இல் தென்னாபிரிக்காவில் வௌவால் கடித்து ஒருவர் இறந்தார். அறிகுறி எல்லாம் அச்சொட்டாக நாய்க்கடி நோய். ஆனால் வைரஸ் வேறு. அதை டூவன்ஹேஜ் என்கிறார்கள். மூன்றும் நாய்க்கடி வைரஸைப் போலவே இருந்தன, ஆனால் அதற்கான பிறபொருளெதிரிகளோடு சரியாகப் பொருந்தவில்லை. ஒரு வைரஸ் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

அதன்பின் ஐரோப்பிய வௌவால்களில் இரண்டு, 1991 இல் கிர்கிஸ்தானில் ஒன்று, 1996 இல் அவுஸ்திரேலியாவில் ஒன்று என்று பட்டியல் நீண்டது. ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. சாதியின் அனேக இனங்கள் வௌவாலில் வாழ்கின்றன. நாய் என்பது இந்தச் சாதியில் ஒரே ஓர் இனத்தின் வீடு. மனிதரைக் கொல்வதில் 99 சதவீதத்தையும் செய்வது அந்த ஓர் இனம்தான் என்பது வேறு விஷயம்.

புதிதாக ஒன்று கிடைத்தால் அதைத் தனி இனம் என்று எப்படி ஒப்புக்கொள்கிறார்கள்? நான்கு பக்கமாகப் பார்க்கிறார்கள்:

1. எழுத்துப் பொருத்தம். என் மரபணுவை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், ஏற்கெனவே உள்ள எந்த இனத்தோடும் 80 முதல் 82 சதவீதத்துக்கு மேல் பொருந்தக்கூடாது.

2. குடும்ப மரம். வரிசைகளை வைத்து மரம் வரைந்தால், எந்தக் கணித முறையில் வரைந்தாலும் தனிக் கிளையாக நிற்க வேண்டும்.

3. பிறபொருளெதிரிகளோடு பொருந்தும் பாங்கு. தெரிந்த பிறபொருளெதிரிகளின் ஒரு தொகுதியைக் கொடுத்தால், எதைப் பிடிக்கிறது எதைப் பிடிக்கவில்லை என்பதில் தனக்கென ஒரு கோலம் இருக்க வேண்டும்.

4. வாழ்விடம். எந்த விலங்கில், எந்த நிலத்தில் இருக்கிறது என்பது.

முதலாவது மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. 82 சதவீதம் என்பது இயற்கை போட்ட கோடல்ல, மனிதர் போட்டது. லாகோஸ் வைரசின் உட்பிரிவுகளே ஒன்றுக்கொன்று இந்தக் கோட்டைத் தொடும் அளவுக்கு விலகி நிற்கின்றன. அதை இரண்டாக உடைக்கலாமா என்ற வாதம் பல வருடமாக உண்டு. அதனால்தான் எண்ணோடு சேர்த்து விலங்கையும் நிலத்தையும் பார்க்கிறார்கள். ஒரு பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று முகச்சாடையை மட்டும் வைத்தா சொல்கிறோம், எந்த வீட்டில் வளர்கிறது என்றும் பார்க்கிறோமே, அப்படி.

கன்னொறுவ வைரஸ் நான்கிலும் தேறியது. இழை முழுவதையும் வாசித்துப் பார்த்தபோது மிக நெருங்கிய சொந்தமாக வந்தது நம் நாட்டு நாய்க்கடி வைரஸ் இல்லை. கடல் தாண்டி இருக்கிற அவுஸ்திரேலிய வௌவால் லிஸ்ஸாவைரஸ். முதலில் வியப்பாக இருக்கும். ஆனால் இரண்டும் டெரோபஸ் என்ற ஒரே வௌவால் சாதியில் வாழ்பவை. இங்கே டெரோபஸ் மீடியஸ், அங்கே அதன் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். இந்தியாவில் இருந்து தென்கிழக்காசியத் தீவுகள் வழியாக அவுஸ்திரேலியா வரை இந்த வௌவால் சாதி பரவியிருக்கிறது. வைரசும் வௌவால்களோடு சேர்ந்தே நெடுங்காலம் பிரிந்து வந்திருக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

முதல் வதந்திக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. நாயின் விசர் வௌவாலுக்குத் தாவவில்லை. வௌவாலில் இருப்பது வௌவாலுக்கே உரிய வேறு இனம். நம் நாய்களில் சுற்றும் வைரசை வரிசைப்படுத்தினால் அது தென்னிந்திய நாய்களின் வைரசோடு சேர்ந்து வேறொரு கிளையில் போய் நிற்கும். புதுசு என்பதும் நமக்குத்தான் புதுசு. வௌவால்களுக்கு அது எந்தக் காலத்துப் பழசோ.

மூன்று கூட்டம், ஒரு ஊசி

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம்.

நாய்க்கடிக்குப் போடும் ஊசியில் இருப்பது முழு நாய்க்கடி வைரஸ். வளர்த்து, செயலிழக்க வைத்து, மருந்தாக்கியது. அதைப் பார்த்து உடல் ஜி முள்ளுக்கு எதிராகப் பிறபொருளெதிரி செய்கிறது. வேறோர் இனத்து வைரஸ் வந்தால் இதே எதிரி அதன் முள்ளையும் பிடிக்குமா? முள் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதை வைத்து, இனங்களுக்கு மேலே, சாதிக்குக் கீழே, இன்னொரு பிரிவை ஆய்வாளர்கள் போட்டார்கள். அதிகாரபூர்வ ஏணியில் அதற்குப் படி கிடையாது. நடைமுறையில் மற்ற எல்லாப் படியையும் விட அதற்குத்தான் பயன் அதிகம். கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஜி முள்ளின் வெளிப்பகுதியில் அமினோ அமிலங்கள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஒத்துப்போனால் ஒரே கூட்டம். அந்த அளவு ஒற்றுமை இருந்தால் ஒன்றுக்கு எதிராக உண்டான எதிரி மற்றதையும் முடக்கும்.

1. முதற் கூட்டம். நாய்க்கடி வைரஸ், ஐரோப்பிய வௌவால் வைரஸ்கள், அவுஸ்திரேலிய வௌவால் வைரஸ், டூவன்ஹேஜ், மத்திய ஆசியாவில் கிடைத்தவை, தாய்வான் வௌவால் வைரஸ், அவற்றோடு கன்னொறுவ. ஊசி ஏற்படுத்தும் பாதுகாப்பு இந்தக் கூட்டத்துக்குச் செல்லும். இனத்துக்கு இனம் கூடக் குறைய இருக்கலாம்.

2. இரண்டாம் கூட்டம். லாகோஸ், மொகோலா, ஷிமோனி. மூன்றும் ஆபிரிக்காவில். ஊசி இவற்றைப் பிடிக்காது. தடுப்பூசி போட்ட பூனைகள் மொகோலாவால் செத்தது அங்கே பதிவாகியிருக்கிறது.

3. மூன்றாம் கூட்டம். மேற்குக் கௌகசஸ் வௌவால் வைரஸ், தன்சானியாவின் இகோமா, ஸ்பெயினின் லெய்டா. விலகி நிற்கும் சொந்தங்கள். சிலர் இதை மூன்று, நான்கு என்று இரண்டாகவும் பிரிக்கிறார்கள். ஊசி இவற்றுக்கும் உதவாது.

ஆகவே "புது வைரஸ், ஊசி வேலை செய்யாது" என்ற வதந்தி வானத்தில் இருந்து விழவில்லை. அப்படிப்பட்ட லிஸ்ஸாவைரஸ்கள் உண்மையிலேயே உண்டு. கன்னொறுவ அந்தக் கூட்டத்தில் இல்லை என்பதுதான் வதந்தி விட்டுவிட்ட வரி. மனிதர் ஒருவருக்குக் கன்னொறுவ வைரஸ் தொற்றியதாகப் பதிவும் இல்லை. அதன் நெருங்கிய சொந்தமான அவுஸ்திரேலிய வைரஸ் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைக் கொன்றிருக்கிறது. அந்த நாட்டில் வௌவால் கடித்தவருக்குப் போடுவது சாதாரண நாய்க்கடி ஊசியைத்தான். வௌவாலைக் கையாளும் வேலை செய்பவர்கள் முன்கூட்டியே அதே ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள்.

மூன்றாவது வதந்தி, கொரோனா. அதற்கு நீளமான பதில் தேவையில்லை. லிஸ்ஸாவைரஸ் பரவுவது எச்சில் காயத்தில் படுவதால், அனேகமாகக் கடியால். மனிதரிடம் இருந்து மனிதருக்கு அது வழக்கமாகப் பரவுவதில்லை. மரத்துக்கு அடியில் நடந்து போனால் தொற்றாது, வௌவால் எச்சம் தலையில் விழுந்தாலும் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. தலையைக் கழுவினால் போதும்.

கவனிக்க வேண்டியது கையைத்தான். கரண்டுக் கம்பியில் அடிபட்டு, அல்லது நோய்ப்பட்டு, தரையில் கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் தூக்கிப் பார்ப்பார்கள். பற்கள் ஊசி மாதிரி. கடித்த தடம் சரியாகத் தெரியாது. இழுப்புக்கு நல்லதென்று வௌவால் இறைச்சி தேடுகிற பழக்கமும் நம்மவரிடையே உண்டு. ஆபத்து சட்டியில் வெந்த கறியில் இல்லை, உயிரோடு பிடிக்கும்போதும் தலையை வெட்டும்போதும் இருக்கிறது. வௌவாலோடு நேரடித் தொடர்பு என்றாலே உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் மிகக் கடுமையான மூன்றாம் வகையில்தான் வரும்.

மரத்தை வெட்டு, வெடி போட்டு விரட்டு என்ற யோசனைகளும் வரும். விரட்டினால் கூட்டம் சிதறி வேறு ஊருக்குப் போகும், அவ்வளவுதான். மகரந்தத்தையும் விதையையும் தூக்கித் திரிகிற பிராணி அது. அதைப் பகைத்து மலைக்காட்டுக்கு ஒரு லாபமும் இல்லை.

நாய்க் கணக்கு

இலங்கையில் 1973 இல் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். அண்மை வருடங்களில் அது சில பத்துகளுக்கு இறங்கியிருக்கிறது. இறக்கியது பெரும்பாலும் நாய்களுக்குப் போட்ட ஊசியும், கடிபட்டவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடும் ஊசியும். மீதி நிற்கும் கணக்கில் வௌவால் இல்லை. நாய்தான், கொஞ்சம் பூனையும்.

ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் வைரஸ் தொடர முடியாது என்பது பொது அளவுகோல். லயத்தில் இந்தக் கணக்கு இடறுகிறது. அங்கே நாய் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. தொங்கல் வீட்டில் படுக்கும், நடு வீட்டில் சாப்பிடும், பிள்ளைகளோடு கொழுந்து மலை வரை போகும். ஊசி போட ஆட்கள் வருகிற நாளில் "யாருடைய நாய்?" என்று கேட்டால் எல்லோரும் அடுத்த காம்பிராவைக் காட்டுவார்கள். பிடித்துக் கொடுக்க ஆளில்லாமல், மருந்து இருந்தும், நாய் தப்பிவிடும். சட்டப்படி சொந்தக்காரன் தேடுவதை விட, லயத்துக்கு ஒருவர் பிடித்துக் கொடுக்கப் பொறுப்பெடுத்தால் வேலை முடிந்துவிடும் என்று எனக்குப் படுகிறது.

பச்சை வெளிச்சம் சொல்வதும் சொல்லாததும்

சந்தேகத்துக்கிடமான நாய் செத்துவிட்டால் தலையை வெட்டி எடுத்து, பொலித்தீன் பையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, ரிஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அனுப்புவார்கள். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வுகூடத்துக்கு அது போகும். அங்கே மூளையில் இருந்து சிறு துண்டை எடுத்துக் கண்ணாடித் தட்டில் ஒற்றி, ஒளிரும் சாயம் ஏற்றிய பிறபொருளெதிரியை அதன் மேல் விடுகிறார்கள். அந்த எதிரி தேடுவது என் புரதத்தை. இருந்தால் நுணுக்குக்காட்டியில் ஆப்பிள் பச்சையில் புள்ளி புள்ளியாக மின்னும்.

ஐந்து புரதங்களில் அதிகம் உற்பத்தியாவது என் என்று பஸ் கணக்கில் பார்த்தோம். சோதனைக்கு அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், சாதி முழுக்க அதிகம் மாறாமல் இருப்பதும் அதுதான். ஜி முள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகிறது. என் உறை அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் நாய்க்கடி வைரஸ் இருந்தாலும் பச்சை, கன்னொறுவ இருந்தாலும் பச்சை, மொகோலா இருந்தாலும் பச்சை. இந்தச் சோதனை சாதியை மட்டும் சொல்லும், இனத்தைச் சொல்லாது. இனம் தெரிய வேண்டுமானால் இழையை வாசித்தாக வேண்டும். வௌவால் மூளையில் பச்சையைப் பார்த்தவர்கள் அதோடு நிற்காமல் வாசித்துப் பார்த்ததால்தான் பட்டியலில் கன்னொறுவ என்று ஒரு பெயர் ஏறியது. வழக்கமாக அனுப்பப்படும் எல்லாத் தலைகளுக்கும் அப்படி வாசித்துக்கொண்டிருப்பது நடக்கிற காரியமல்ல.

ஆஸ்பத்திரியில் அதற்காக யாரும் காத்திருப்பதும் இல்லை. கடித்த விலங்கு எது, காயம் எங்கே, எவ்வளவு ஆழம், தோல் கிழிந்ததா என்றுதான் கேட்பார்கள். மூன்றாம் வகைக் காயம் என்றால் ஊசியோடு சேர்த்து, தயார்நிலைப் பிறபொருளெதிரியைக் காயத்தைச் சுற்றியே போடுவார்கள். உடல் சொந்தமாக எதிரி செய்ய எடுக்கும் நாட்களுக்கு அது காவல். ரிஜிபோம் பெட்டி மலையிறங்கிப் பொரளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே முதல் ஊசி கையில் ஏறியிருக்கும்.